அடுத்தவர் கடனுக்கு உங்கள் போன் அடித்தால்

கேள்வியைச் சுருக்கி மேலே வைத்துவிடுகிறேன். கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். மூன்று மாதம் முன்பு புது சிம் வாங்கினாராம். அன்றிலிருந்து தினமும் ஏழெட்டு அழைப்பு. ஒருவர் மலையாளத்தில் பேசுகிறார், இன்னொருவர் தமிழில். எல்லோரும் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரைச் சொல்லி, வண்டிக் கடன் மூன்று தவணை நிற்கிறது, இன்று கட்டாவிட்டால் ஆள் வரும் என்கிறார்கள். நான் அவரில்லை என்று நூறு முறை சொல்லியாகிவிட்டது. பிளாக் செய்தால் வேறு நம்பரிலிருந்து வருகிறது. வீட்டுக்கு வந்துவிடுவார்களா, சிபில் எனும் கடன் மதிப்பெண் கெடுமா, பேசாமல் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரக் கிளைகளில் பல வருடம், கடைசியில் வாராக்கடன் பிரிவு. அதாவது, போன் செய்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அதனால் உங்கள் கோபம் புரிந்தாலும், எதிர்முனையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது தெரியாமல் எவ்வளவு கத்தினாலும் தொண்டைதான் வலிக்கும்.

உங்களுக்குப் போன் செய்கிற பையன் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஊழியர் இல்லை. பெரும்பாலும் ஒரு வசூல் ஏஜென்சியில் மாதச் சம்பளத்துக்கும் இன்சென்டிவுக்கும் உட்கார்ந்திருப்பவர். மாதத் தொடக்கத்தில் கடன் நிறுவனம் ஏஜென்சிக்கு ஒரு பட்டியல் அனுப்பும். அதை அலோகேஷன் என்பார்கள். அதில் கடன்காரர் பெயர், கணக்கு எண், எத்தனை நாள் நிலுவை, எந்தெந்த நம்பரில் பிடிக்கலாம் என்பதெல்லாம் இருக்கும். அந்த நம்பர்களைக் கம்ப்யூட்டரே வரிசையாக அடிக்கும். நீங்கள் எடுத்து ஹலோ சொன்ன பிறகு இரண்டு நொடி அமைதியாக இருக்கிறதே, அது கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற ஒரு ஆளைத் தேடி இணைக்கிற நேரம். எந்த லைன் காலியோ அதிலிருந்து அழைப்பு போகும். அதனால்தான் ஒரு நம்பரை பிளாக் செய்தால் இன்னொன்றிலிருந்து வருகிறது. பிளாக் செய்து தீர்க்கப் பார்ப்பது ஓட்டை ஓட்டில் ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைப்பது மாதிரி.

பேசி முடித்ததும் அந்தப் பையன் ஒரு குறியீடு போட வேண்டும். எடுக்கவில்லை, பிறகு கூப்பிடு, கட்டுவதாகச் சொன்னார், ராங் நம்பர் என்று அதில் பல உண்டு. இங்கேதான் சிக்கல். ராங் நம்பர் என்பதுதான் கடன் வாங்கியவர்கள் சொல்லும் முதல் பொய். பத்துப் பேரிடம் அதைக் கேட்டவர் பதினோராவதாக உண்மை சொல்லும் உங்களை நம்பமாட்டார். அப்படியே நம்பி ராங் நம்பர் என்று போட்டாலும், அந்தக் குறிப்பு பல சமயம் ஏஜென்சியின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். கடன் நிறுவனத்தின் மூலக் கணக்கில் உங்கள் நம்பர் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் அதே பட்டியல் வேறொரு ஏஜென்சிக்குப் போகும். அங்கே ஒரு புதுப் பையன் முதலிலிருந்து ஆரம்பிப்பான். நூறு முறை சொன்னேன் என்கிறீர்கள் இல்லையா, நூறு முறையும் தப்பான ஆளிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் நம்பரை நீக்கும் அதிகாரம் கடன் கொடுத்த நிறுவனத்திடம் மட்டும்தான் இருக்கிறது. அந்த நிறுவனம் எது என்று கண்டுபிடித்து, எழுத்தில் கேட்பதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

போனில் என்ன பேசுவது என்று முதலில் சொல்கிறேன். நீங்களாக உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள். ஊர், வேலை, ஆதார் எண், பான் எண் எதுவும் வேண்டாம். நிரூபிப்பதற்காக ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேட்பார்கள், அனுப்பாதீர்கள். ஓடிபி பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: கடன் எந்த நிறுவனத்துடையது, உங்கள் ஏஜென்சி பெயர் என்ன, உங்கள் பெயரும் அடையாள எண்ணும் என்ன. கேட்டுவிட்டு, 'இந்த நம்பர் இப்போது என்னுடையது, நீங்கள் தேடுபவரை எனக்குத் தெரியாது, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்' என்று சொல்லி வைத்துவிடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். தேதி, நேரம், வந்த நம்பர், சொன்ன பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கம் போதும்.

இந்த எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. மொழி. வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் நம்மவர்களுக்கு மலையாளம் காதில் விழுந்த மொழி. சந்தையில் பேசுவோம், பஸ்ஸில் பேசுவோம். ஆனால் கணக்கு வழக்கு மலையாளம் வேறு. 'அடவு முடங்கி' என்று அவர்கள் சொன்னால் தவணை நின்றுபோயிற்று என்று பொருள். இதை அடகு என்று எடுத்துக்கொண்டு, 'ஆமாம், நகை அடகு வைத்திருக்கிறேன்' என்று தன் சொந்தக் கதையை ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குடிசிகை என்றால் நிலுவை. பலிச என்றால் வட்டி. எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'ஜாம்யக்காரன்'. கடனுக்கு ஜாமீன் நின்றவர் என்று அர்த்தம். நீங்கள் ஜாம்யக்காரனா என்று வேகமாகக் கேட்கும்போது, ஏதோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்து ம்ம் கொட்டிவிடக் கூடாது.

நான் கண்ட ஒரு சம்பவம். சந்தையில் காய்கறிக் கடை போட்டிருந்த ஒரு அம்மா, பேரன் பழைய போனில் புது சிம் போட்டுக் கொடுத்திருந்தான். யார் கூப்பிட்டாலும் மரியாதையாகப் பேசுவது அவர் பழக்கம். 'அவரைத் தெரியுமா?' என்று கேட்டால் 'இங்கதான் எங்கயாச்சும் இருப்பாருங்க' என்பார். 'வந்தால் சொல்லுங்கள்' என்றால் 'சரிங்க, சொல்றேனுங்க' என்பார். மலையாளத்தில் கேட்டால், 'செரி, பறயாம்' என்று அதே மரியாதை. அந்தப் பக்கத்தில் இதற்கெல்லாம் என்ன எழுதப்பட்டது தெரியுமா? தொடர்பில் உள்ளவர், தகவல் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அப்புறம் அழைப்பு குறையுமா? நாளுக்கு இரண்டாக இருந்தது பத்தாயிற்று. கொங்குப் பேச்சின் அந்த 'சரிங்க' இருக்கிறதே, அது நமக்கு 'கேட்டுக்கொண்டேன்' என்ற அர்த்தம்தான். வசூல் ஏட்டில் அது சம்மதம். புரியாத மொழியில் பேசினால், 'தமிழில் பேசுங்கள், இல்லையென்றால் எழுத்தில் அனுப்புங்கள்' என்று சொல்ல உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெலுங்கில் இதே கூத்து நடக்கும். அங்கே பாக்கி என்ற சொல்லாவது இரண்டு மொழிக்கும் பொது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மறுக்கிறார்களே என்றால், வழி இருக்கிறது. பெரும்பாலும் அழைப்போடு எஸ்எம்எஸ்ஸும் வரும். கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். அதை ஹெடர் என்பார்கள். அந்த ஹெடர் யாருடையது என்று தேடிப் பார்க்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. அதில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும். பணம் கட்டச் சொல்லி வரும் செய்தியில் கடன் கணக்கு எண்ணின் ஒரு பகுதி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் இருக்கும் லிங்க்கைத் தொட வேண்டாம். பெயரும் சொல்லாமல், எஸ்எம்எஸ்ஸும் இல்லாமல், 'பாதி கட்டினால் முடித்துவிடுகிறேன், இந்த ஜிபே நம்பருக்குப் போடுங்கள்' என்று மட்டும் சொல்கிறார் என்றால் அவர் வசூலுக்கே வந்தவர் இல்லை, ஏமாற்ற வந்தவர். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யுங்கள். பணம் போய்விட்டிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

சரி, நிறுவனம் தெரிந்துவிட்டது. அதன் இணையதளத்தில் குறைதீர் அதிகாரி என்ற பெயரில் ஒரு இமெயில் முகவரி இருக்கும். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராக இந்த அதிகாரிக்கு எழுதுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

'இந்தக் கைபேசி எண் இன்ன தேதி முதல் என் பெயரில் இருக்கிறது. இணைப்பு தொடங்கிய தேதிக்கான சான்றை இணைத்துள்ளேன். எனக்குத் தொடர்பில்லாத ஒருவரின் கடனுக்காக உங்கள் சார்பில் கீழ்க்கண்ட நாள்களில், நேரங்களில் இந்த எண்ணுக்கு அழைப்புகள் வந்துள்ளன. நான் உங்களிடம் கடன் பெற்றவனோ, இணைக் கடனாளியோ, ஜாமீன்தாரரோ அல்ல. இந்த எண்ணை அந்தக் கடன் கணக்கிலிருந்தும், உங்களுக்காக வசூல் செய்யும் எல்லா ஏஜென்சிகளின் பட்டியலிலிருந்தும் நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதிசெய்யவும்.'

'எல்லா ஏஜென்சிகளின் பட்டியலிலிருந்தும்' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இந்த மாத ஏஜென்சியோடு முடித்துக்கொள்வார்கள். சான்று என்றால் சிம் கம்பெனியின் ஆப்பில் உங்கள் பெயரும் தொடங்கிய தேதியும் தெரியும் பக்கம், அல்லது சிம் வேலை செய்யத் தொடங்கியபோது வந்த எஸ்எம்எஸ். இதில் கொஞ்சம் சட்டப் பலமும் சேர்க்கலாம். விட்டுப்போன ஒரு நம்பரை 90 நாள் கழித்துத்தான் புதியவருக்குக் கொடுக்கிறார்கள். நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதைப் பார்த்துத் தங்கள் வாடிக்கையாளர் பதிவுகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சொல்லியிருக்கிறது. உங்கள் நம்பர் அந்தப் பட்டியலில் வந்துபோன நம்பராக இருந்தால் தப்பு முழுக்க அவர்களுடையது. இந்தத் தேதியை ஒரு வரியில் குறிப்பிட்டாலே, உங்கள் இமெயில் மேசை மாறி மேலே போகும். எனக்குத் தெரிந்து குறைதீர் அதிகாரிகளை அசைப்பது கோபம் இல்லை, தேதி.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் வந்தும் அழைப்பு நிற்கவில்லை என்றால் வங்கிகள், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்க ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். 2021 நவம்பரில் தொடங்கிய ஏற்பாடு. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு நல்லது உண்டு. முன்பெல்லாம் எந்த மாநிலம், எந்த ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் என்று பார்க்க வேண்டும். இப்போது நாடு முழுவதற்கும் ஒரே வாசல்தான். கடன் கொடுத்தது கொச்சியா கோயம்புத்தூரா என்ற கேள்வியே இல்லை. இணையத்தில் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். எப்படிப் போடுவது என்று கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டம் வாடிக்கையாளர்களுக்காக எழுதப்பட்டது. நீங்கள் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரே இல்லை. அந்தக் காரணத்தைச் சொல்லி மனுவைத் தள்ளிவிட இடம் இருக்கிறது. அதனால் ஆம்பட்ஸ்மேனை நம்பி முதல் கடிதத்தை அலட்சியமாக எழுதிவிடாதீர்கள். ஒழுங்காக எழுதிய முதல் கடிதத்திலேயே முடிந்துபோன விவகாரங்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

டிஎன்டி போட்டால் நிற்குமா என்று பலர் கேட்பார்கள். நிற்காது. அது விளம்பர அழைப்புகளுக்கான தடுப்பு.

இனி, அவர்கள் தேடுவது இந்த நம்பரை முன்பு வைத்திருந்தவரை இல்லாமல், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை என்றால்? நண்பரோ, மைத்துனரோ, பக்கத்துத் தோட்டத்துக்காரரோ கடன் வாங்கும்போது ரெஃபரன்ஸ் என்ற இடத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கலாம். உங்களைக் கேட்காமலே. ரெஃபரன்ஸ் வேறு, ஜாமீன் வேறு. ஜாமீன் நிற்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-ன்படி கடன்காரருக்கு உள்ள அதே பொறுப்பு அவருக்கும் உண்டு. அப்போது இது அடுத்தவர் கடன் இல்லை, உங்கள் கடனும்தான். கையெழுத்து இல்லையென்றால் ஒரு பைசா பொறுப்பும் கிடையாது. அண்ணன் கடனுக்குத் தம்பி பொறுப்பில்லை. கணவன் தனியாக வாங்கிய கடனுக்கு மனைவி கையெழுத்துப் போடாதவரை அவரும் பொறுப்பில்லை. அப்பா இறந்துவிட்டால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகளிடம் கேட்க முடியும். 'குடும்ப மானம்' என்று சொல்லி உறவினரிடம் கறக்கப் பார்ப்பது பழைய உத்தி.

கடன் ஆப்கள் இதில் தனி ரகம். பணம் கொடுக்கும்போதே போனில் உள்ள எல்லாத் தொடர்புகளையும் உருவிக்கொண்டு, தவணை தவறினால் அத்தனை பேருக்கும் அடிப்பது அவர்கள் வழக்கமாக இருந்தது. தொடர்புப் பட்டியலை, அழைப்புப் பதிவை, படங்களைத் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தடை போட்டது. இன்னும் அப்படிச் செய்கிற ஆப் என்றால் அது கள்ளத்தனமாக நடக்கிறது என்று கொள்ளலாம். அங்கே குறைதீர் அதிகாரியைத் தேடிப் பயனில்லை, சைபர் கிரைமுக்குப் போங்கள்.

சிபில் பற்றிய பயம். உங்கள் நம்பர் வேறொருவரின் கடன் கணக்கில் ஒட்டியிருப்பதால் மட்டும் உங்கள் மதிப்பெண் குறையாது. கடன் வரலாறு பான், பெயர், பிறந்த தேதி போன்றவற்றோடு சேர்ந்து ஓடுகிறது. ஆனாலும் ஒரு முறை அறிக்கையை எடுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று கடன் வரலாற்றைத் தொகுக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். காரணம், அழைப்பு வருவது ராங் நம்பராலா, அல்லது உங்கள் பெயரிலேயே யாராவது கடன் வாங்கிவிட்டார்களா என்பது அதில்தான் தெரியும்.

இதிலும் நம் பகுதிக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், அப்பா பெயரைக் குறிக்கும். கேரளத்தில் பெயருக்குப் பின்னால் வரும், பல சமயம் வீட்டுப் பெயரைக் குறிக்கும். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் ஒரே ஆளின் ரேஷன் கார்டு ஒரு மாதிரி, பாஸ்புக் ஒரு மாதிரி, லைசென்ஸ் இன்னொரு மாதிரி இருக்கும். இதனால் ஒரே பெயர்க்காரர் இருவரின் கணக்கு ஒன்றாகக் கலந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அறிக்கையில் தெரியாத கடன் இருந்தால், அறிக்கை தந்த நிறுவனத்திடமே ஆட்சேபம் பதியலாம். 30 நாளில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறை. கூடவே சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று டவருக்காக இரண்டு மூன்று சிம் வாங்கிய காலத்தில் யார் யாருக்கோ நகல் கொடுத்திருப்போம். தெரியாத நம்பர் இருந்தால், 'என்னுடையது இல்லை' என்று அங்கேயே குறிக்கலாம்.

மிரட்டல் வந்தால் கதையே வேறு. 2022 ஆகஸ்ட் 12-ல் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் நிலுவைக்காக அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, ஓயாமல் அழைத்துத் தொல்லை தரக் கூடாது, கடன்காரரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழையக் கூடாது. கடன் வாங்கியவருக்கே இவ்வளவு பாதுகாப்பு என்றால், வாங்காத உங்களிடம் என்ன உரிமையில் பேசுகிறார்கள்? மகளிர் குழுக்கடன், அதாவது மைக்ரோஃபைனான்ஸ் என்றால் நேரம் இன்னும் குறுகல், காலை 9 முதல் மாலை 6 வரைதான். குழுத் தலைவியின் நம்பரை எல்லா உறுப்பினர் கணக்கிலும் போட்டுவைக்கும் பழக்கம் உண்டு. தலைவி குழுவை விட்டு வந்து இரண்டு வருடம் ஆன பிறகும் அவருக்கே போன் வரும். அங்கேயும் அதே கடிதம்தான்.

அடிப்போம், அசிங்கப்படுத்துவோம் என்கிற அளவுக்குப் போனால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 351, குற்ற மிரட்டல். பெண்ணிடம் ஆபாசமாகப் பேசினால் பிரிவு 79-ம் சேரும். அழைப்பைப் பதிவு செய்து வையுங்கள். இங்கே வழக்கமாக ஒரு பந்தாட்டம் நடக்கும். கேரளப் போலீஸ், அழைத்தவர் தமிழ்நாட்டில் இருக்கிறார் என்பார்கள். பொள்ளாச்சிக்குப் போனால், நீங்கள் இருப்பது கேரளா என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173-ன்படி, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்றால், அது எங்கே நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. மனுவில் அந்தப் பிரிவு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால், 'சட்டம் படிச்சிருக்கியா?' என்று கேட்பார்கள், காகிதத்தில் இருந்தால் கேட்கமாட்டார்கள். மிரட்டல் இல்லாத வெறும் தொல்லைக்குப் போலீஸ் ஸ்டேஷன் ஏற வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஒரு நாள் கூலி போகும், ஒன்றும் நடக்காது.

ஆள் வீட்டுக்கு வருமா? உங்கள் நம்பர் மட்டும்தான் அவர்களிடம் இருக்கிறது, உங்கள் விலாசம் இல்லை. அதனால்தான் போனில் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றேன். மீறி வந்துவிட்டால் வாசலிலேயே நிறுத்திப் பேசுங்கள். அடையாள அட்டையும், நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான ஆள் என்றால் காட்டுவார், தப்பான வீடு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். காட்டாதவர் தானாகவே வண்டியைத் திருப்புவார். உங்கள் வண்டியின் மேல் கை வைக்க விடாதீர்கள். ஆர்சி புத்தகத்தின் நகலைக் காட்டினால் போதும், மூலத்தைக் கையில் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக சிம். மூன்று மாதம்தான் ஆகிறது, அதை இன்னும் பெரிதாக எங்கும் கொடுக்கவில்லை என்றால், மாற்றிவிடுவது தப்பில்லை. தோல்வி என்றெல்லாம் நினைக்க வேண்டாம், சில சமயம் அதுதான் மலிவு. ஆனால் புதிதாக வாங்கும் நம்பரும் யாரோ விட்டுப்போனதாக இருக்கலாம். அதனால் வாங்கிய வாரத்தில் வரும் எஸ்எம்எஸ்களைக் கவனியுங்கள். வேறு பெயருக்குத் தவணை நினைவூட்டல் வந்தால், சிம் கடைக்காரரிடம் அன்றே வேறு நம்பர் கேளுங்கள். இப்போது வைத்திருக்கும் நம்பரை வங்கியிலோ, ஆதாரிலோ, காஸ் புத்தகத்திலோ, பால் சொசைட்டியிலோ கொடுத்திருந்தால், முதலில் அங்கெல்லாம் போய் மாற்றிவிட்டு அப்புறம் சிம்மை விடுங்கள். இல்லையென்றால் 90 நாள் கழித்து உங்கள் ஓடிபியும் உங்கள் வங்கியின் அழைப்பும் வேறு யாரோ ஒருவருக்குப் போகும், அவர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருவார்.